தொப்பியும் டையும் அணிந்த தாத்தா: போர்க்காலக் காவல் கப்பலில் என்ன வேலை, என்ன வாழ்க்கை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. 1943இல் டர்பன் துறைமுகத்தில் எடுத்த புகைப்படம் ஒன்றில் அவருடைய தாயாரின் தந்தை முன்விளிம்புள்ள தொப்பி, கோட்டு, டை ஆகியவற்றுடன் நிற்கிறார். பக்கத்தில் ஒரு வெள்ளை மாலுமி நிற்கிறார், பின்னால் ஒரு சிறிய போர்க்கப்பல் தெரிகிறது. அவர் காவல் கப்பலில் அதிகாரியாக இருந்து நீர்மூழ்கிகளை வேட்டையாடியவர் என்று குடும்பத்தில் மூன்று தலைமுறையாகச் சொல்லிவருகிறார்கள். இது உண்மையாக இருக்குமா, அப்படிப்பட்ட கப்பலில் வாழ்க்கை எப்படி இருந்தது, தென்னாப்பிரிக்கரே இயக்கிய கப்பல்கள் என்ன செய்தன என்பதே கேள்வி.

அதிகாரி என்ற பகுதியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அது வலிக்கும். முன்விளிம்புள்ள தொப்பியும் டையும் பிரிட்டிஷ் கடற்படையில் அதிகாரிகளுக்கு மட்டும் உரிய உடை அல்ல. துப்பாக்கி, கயிறு, நங்கூரம் ஆகியவற்றோடு வேலை செய்த மாலுமிகள்தாம் வட்டத் தொப்பியும் சதுரக் கழுத்துப்பட்டையும் அணிந்தார்கள். சமையல்காரர், பரிமாறுபவர், எழுத்தர், பண்டகசாலைப் பணியாளர் ஆகியோருக்கு முன்விளிம்புள்ள தொப்பி, கோட்டு, டை என்று தனி உடை இருந்தது. தென்னாப்பிரிக்கக் கடற்படையும் இந்த முறையைத்தான் பின்பற்றியது. அன்றைய தென்னாப்பிரிக்காவில் இந்தியர் ஒருவர் கடற்படை அதிகாரியாக ஆகியிருக்க வழியே இல்லை. இராணுவத்தில் இந்தியருக்கும் மலாய்க்காரருக்கும் அமைந்த தனிப் படைப்பிரிவில்கூட ஆயுதம் கொடுக்கவில்லை. வண்டி ஓட்டவும் சமைக்கவும் காயம்பட்டவரைத் தூக்கிச் செல்லவும்தான் ஆள் எடுத்தார்கள். எனவே உங்கள் தாத்தா பரிமாறுபவராகவோ சமையல்காரராகவோ இருந்திருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. ஆனால் அவர் கடலுக்குப் போகவில்லை என்றோ, நீர்மூழ்கி வேட்டையில் அவருக்குப் பங்கில்லை என்றோ இதற்குப் பொருள் இல்லை. எண்பத்தைந்து பேர் மட்டுமே உள்ள ஒரு கப்பலில் வெறுமனே பரிமாறிவிட்டு ஒதுங்கி நிற்க இடம் கிடையாது.

நான் டர்பன் துறைமுகத்துக் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறைகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவன். போரைக் கண்டவன் அல்லன். போரைக் கண்ட எஞ்சின்களைப் போன்றவற்றைக் கண்டவன் என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம்.

அந்தப் போரில் காவல் கப்பல் என்றவுடன் நினைவுக்கு வருவது 'ஃபிளவர்' வகுப்புக் கார்வெட் என்ற சிறு போர்க்கப்பல். பூக்களின் பெயர் சூட்டிய இந்தக் கப்பல்களைத் திமிங்கில வேட்டைக் கப்பலின் அச்சில் வார்த்தார்கள். இங்கிலாந்தின் ஸ்மித்ஸ் டாக் நிறுவனத்து வடிவமைப்பாளர் வில்லியம் ரீட், தங்கள் நிறுவனம் ஏற்கெனவே கட்டியிருந்த 'சதர்ன் பிரைட்' என்ற வேட்டைக் கப்பலைச் சற்றே நீட்டிப் பெரிதாக்கி இந்த வடிவத்தை உருவாக்கினார். டர்பன் துறைமுகத்தை ஒட்டிய பிளஃப் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 1975 வரை அங்கே திமிங்கில நிலையம் இருந்தது; காற்று திரும்பினால் அந்த நாற்றம் ஊருக்குள் வந்துவிடும். உயர்ந்த மூக்கும் தாழ்ந்த இடுப்பும் கொண்ட வேட்டைப் படகுகள் துறைமுக வாயிலில் வந்துபோவதை நம்மவர்கள் நாள்தோறும் பார்த்தவர்கள். எந்த அலையிலும் மிதக்கும், குறுகிய வட்டத்தில் திரும்பும், ஆனால் உருண்டுகொண்டே இருக்கும் படகுகள் அவை. கார்வெட்டின் குணமும் அப்படியே: ஈரப் புல்லின் மேல் வைத்தால்கூட உருளும் என்று அதில் போனவர்களே கேலி பேசினார்கள்.

நீளம் 205 அடி, அகலம் 33 அடி, எடை ஏறக்குறைய 925 டன். முன்னால் ஒரு 4 அங்குலப் பீரங்கி, பின்னால் ஆழ்நீர்க் குண்டுகள். நீரைத் தள்ளும் திருகு ஒன்றே ஒன்று, அதைச் சுழற்ற நான்கு சிலிண்டர் நீராவி எஞ்சின் ஒன்று, இரண்டு கொதிகலன்கள். உச்ச வேகம் 16 நாட், அதாவது மணிக்கு 16 கடல்மைல். அக்காலத்து ஜெர்மன் நீர்மூழ்கி நீர்மட்டத்துக்கு மேலே வந்துவிட்டால் 17, 18 நாட் வேகத்தில் ஓடும். அதாவது துரத்த வேண்டிய கப்பலைவிடத் தப்ப வேண்டியது வேகமானது. இவ்வளவு பழைய எஞ்சினை ஏன் வைத்தார்கள் என்று கேட்கலாம். புது வகை டர்பைன்களைச் செய்யும் ஆலைகள் பெரிய கப்பல்களுக்கே போதவில்லை. இந்த எஞ்சினையோ எந்தச் சிறு பட்டறையும் வார்க்கும், சரக்குக் கப்பலிலிருந்து வந்த எந்த எஞ்சினியரும் அன்றைக்கே ஓட்டிவிடுவார்.

இந்த எஞ்சினைப் பற்றி ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. நான் பையனாகச் சேர்ந்த காலத்தில் டர்பன் துறைமுகத்தில் நீராவி இழுவைக் கப்பல்கள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றில் ஒன்றில் எண்ணெய் ஊற்றும் வேலையிலிருந்த ஒரு பெரியவர், எஞ்சின் முழு ஓட்டத்தில் இருக்கும்போதே அதன் தாங்கிகள் சூடாகின்றனவா என்று வெறுங்கையால் தொட்டுப் பார்ப்பார். ஆள் தொடையளவு பருமனுள்ள இரும்புத் தண்டு மேலும் கீழுமாக வீசிக்கொண்டிருக்கும். அவர் அதன் தாளத்துக்குத் தன் தோளையும் அசைத்துக்கொண்டிருப்பார்; தண்டு வரும்போது கையும் கூடவே போய், ஒரு நொடி உள்ளங்கையைத் தடவி, அது திரும்புவதற்குள் வெளியே வந்துவிடும். "எண்ணாதேடா, எண்ணினால் கை போய்விடும், கேள்" என்பார். கார்வெட்டின் எஞ்சின் அறையிலும் அப்படித்தான் தொட்டுப் பார்த்தார்கள், ஆனால் கப்பல் இருபுறமும் முப்பது நாற்பது பாகை சாய்ந்துகொண்டிருக்கும்போது, நீர்மட்டத்துக்குக் கீழே, மேலே என்ன நடக்கிறது என்று தெரியாமல். அவர்களுக்கு வரும் செய்தியெல்லாம் வேகத்தைக் கூட்டு, குறை என்ற மணியோசை மட்டும்; பிறகு தங்கள் கப்பலே போட்ட குண்டு வெடிக்கும்போது சம்மட்டியால் உடம்பில் அடித்ததுபோல் தகடுகள் அதிர்ந்து விளக்குகள் உடைந்து விழும்.

அந்தக் குண்டு எப்படி வேலை செய்தது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் மற்றவை புரியும். காவல் கப்பலின் கண் என்பது உண்மையில் ஒரு காது. கப்பலின் அடியில் பொருத்திய ஆஸ்டிக் கருவி நீருக்குள் ஓர் ஒலியை அனுப்பும். எதிரில் உள்ள பொருளில் பட்டு அது எதிரொலியாகத் திரும்பும். ஒலி நீரில் விநாடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் போவதால், எதிரொலி இரண்டு விநாடி கழித்து வந்தால் பொருள் 1,500 மீட்டர் தொலைவில் இருக்கிறது. கேட்பவர் ஒருமுறை ஒலியை அனுப்பிக் காத்திருந்து, கருவியைச் சில பாகை திருப்பி, மறுபடி அனுப்பிக் காத்திருந்து, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை இப்படியே துழாவிக்கொண்டிருப்பார். திரும்பிய ஒலியின் சுருதி அனுப்பிய சுருதியைவிடச் சற்று ஏறியிருந்தால் பொருள் நம்மை நோக்கி வருகிறது, இறங்கியிருந்தால் விலகிப் போகிறது. மீன்கூட்டத்துக்கும் திமிங்கிலத்துக்கும் நீர்மூழ்கிக்கும் எதிரொலியில் வேறுபாடு உண்டு. அதைப் புத்தகத்தால் கற்பிக்க முடியாது. சுருதி பிசகாத காதுள்ளவர்களைத் தேடிப் பிடித்து இந்த வேலைக்கு வைத்தார்கள்.

இடையூறு நெருங்கும்போதுதான் வந்தது. ஒலிக்கற்றை முன்னோக்கிச் சாய்வாகப் போவதால், கப்பல் ஏறக்குறைய 200 மீட்டர் தொலைவுக்குள் வந்ததும் ஆழத்தில் உள்ள நீர்மூழ்கியின் தலைக்கு மேலாக ஒலி போய்விடும், எதிரொலி நின்றுவிடும். அந்தக் கடைசி 200 மீட்டரைக் கடக்க 15 நாட் வேகத்தில் 26 விநாடி ஆகும். குண்டைப் பின்புறத்திலிருந்து உருட்டிவிட்டால் அது விநாடிக்கு மூன்று மீட்டர் வீதம்தான் மூழ்கும். நீர்மூழ்கி 100 மீட்டர் ஆழத்தில் இருந்தால் இன்னும் அரை நிமிடம். ஆக ஒரு நிமிடம் அளவுக்கு நீர்மூழ்கிக் கப்பலின் தலைவனுக்குக் கிடைத்துவிடுகிறது. மணிக்கு ஐந்து கடல்மைல் வேகத்தில் அவன் திரும்பினால்கூட ஏறத்தாழ 150 மீட்டர் விலகிவிடலாம். குண்டோ, 290 பவுண்டு வெடிமருந்து நிரம்பியது என்றாலும், ஆறேழு மீட்டருக்குள் வெடித்தால்தான் நீர்மூழ்கியின் உடலைப் பிளக்கும். பத்துப் பத்தாகக் குண்டுகளை வீணாக்கியும் ஒன்றும் கிடைக்காமல் திரும்பிய கப்பல்களே மிகுதி என்பதற்குக் காரணம் இந்தக் கணக்குதான், மாலுமிகளின் திறமைக்குறைவு அன்று.

நம் கரையில் இன்னொரு தொல்லையும் உண்டு. டர்பனை ஒட்டித் தெற்கே பாயும் அகுல்லாஸ் நீரோட்டம் வெதுவெதுப்பானது. வெப்ப நீரும் குளிர் நீரும் அடுக்கடுக்காக இருக்கும் இடத்தில் ஒலி வளைந்துபோகும். அடுக்குக்குக் கீழே பதுங்கிய நீர்மூழ்கி மேலே நிற்பவனுக்குக் கேட்காது. தென்மேற்குக் காற்று அந்த நீரோட்டத்துக்கு எதிராக வீசும்போது எழும் அலைகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 1909இல் டர்பனிலிருந்து புறப்பட்ட 'வரட்டா' என்ற பயணிகள் கப்பல் இருந்த தடயமே இல்லாமல் போனது இந்தக் கடலில்தான்.

இனி வாழ்க்கைக்கு வருவோம். நாளை நான்கு மணி நேரக் காவல் முறைகளாகப் பிரித்திருந்தார்கள். மாலை நான்கு முதல் எட்டு வரையுள்ள முறையை மட்டும் இரண்டாக உடைத்தார்கள். அப்படி உடைத்தால் ஒரு நாளின் முறைகள் ஏழாகும். ஒற்றைப்படை எண் ஆனதால் நள்ளிரவுக் காவல் ஒரே ஆட்கள் தலையில் நாள்தோறும் விழாது. ஆள் குறைந்த கப்பல்களில் நான்கு மணி வேலை, நான்கு மணி ஓய்வு என்று வாரக்கணக்கில் ஓடியது. அந்த ஓய்விலும் சாப்பாடு, துவைப்பு, பழுதுபார்ப்பு எல்லாம் அடங்கும். அபாய மணி அடித்தால் ஓய்வு கிடையாது. உறங்குவதற்கு முன்பகுதியில் ஒருவர்மேல் ஒருவராகக் கட்டிய தூளிகள். தூளி என்றவுடன் நமக்குக் குழந்தை நினைவு வரும், ஆனால் உருளும் கப்பலில் மனிதன் கட்டிலிலிருந்து விழாமல் தூங்க அதைவிட நல்ல ஏற்பாடு இல்லை: கப்பல் சாயும், தூளி நேராகத் தொங்கும். தகடுகளின் இணைப்புகளில் கசிவு, வியர்த்து ஒழுகும் இரும்புச் சுவர், உலராத கம்பளி, எண்ணெய் நாற்றம், வாந்தி நாற்றம். நாற்பது ஐம்பது பேருக்குத் திட்டமிட்ட இடத்தில் புதுப்புதுக் கருவிகளும் அவற்றுக்கான ஆட்களும் ஏற ஏற எண்பத்தைந்து பேரும் அதற்கு மேலும் அடைந்துகிடந்தார்கள்.

உங்கள் தாத்தாவின் வேலை இங்கேதான் வருகிறது. தொடக்கத்தில் கட்டிய கார்வெட்டுகளில் சமையலறை பின்பக்கம், மாலுமிகள் சாப்பிடும் இடம் முன்பக்கம். இரண்டுக்கும் நடுவில் கூரையில்லாத தாழ்ந்த தளம். அலை அந்தப் பள்ளத்தில்தான் ஏறி விழும். ஒரு கையில் சூடான பாத்திரம், மறு கையில் பிடிகயிறு. அலை வந்து வடியும் இடைவெளியைப் பார்த்து ஓட வேண்டும். தப்புக் கணக்குப் போட்டால் குழம்பு கடலுக்கு, சில நேரம் ஆளும் கடலுக்கு. பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாலும் சோறு ஆறி, உப்புநீர் கலந்து இருக்கும். பின்னாளில் முன்தளத்தை நீட்டிக் கூரை போட்ட பிறகுதான் இந்தத் துன்பம் குறைந்தது. ரொட்டி சில நாளில் பூத்துவிடும். பிறகு கல் போன்ற பிஸ்கட்டும் டின் இறைச்சியும் டின் மீனும்தான். நள்ளிரவுக் காவலில் இருப்பவர்களுக்குக் கட்டிச் சாக்லேட்டைச் சீவிக் கொதிக்கவைத்த, கரண்டி நிற்கும் அளவுக்குக் கெட்டியான கோகோவைக் குவளையில் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். இரவு இரண்டு மணிக்குத் திறந்த மேல்தளத்தில் நனைந்து நிற்பவனுக்கு அந்தக் குவளையைக் கொண்டுவரும் ஆள் யாராக இருந்தாலும் தெய்வம்தான். தோலின் நிறத்தைக் காலையில் பார்த்துக்கொள்வான்.

சண்டை மணி அடித்தால், பிரிட்டிஷ் கப்பல்களில் சமையல்காரரும் பரிமாறுபவரும் கரண்டியை வைத்துவிட்டுப் பீரங்கிக் குண்டுகளைக் கைமாற்றிக் கொடுக்கும் வரிசையிலோ, காயம்பட்டவர்களைக் கவனிக்கும் இடத்திலோ போய் நிற்பார்கள். மூழ்கிய கப்பல்களிலிருந்து கரி எண்ணெயில் தோய்ந்து வரும் மனிதர்களை வலையில் ஏற்றிக் கழுவித் துடைத்து, கம்பளியில் சுற்றி, கஞ்சி கொடுப்பதும் இவர்கள் பொறுப்பே.

டர்பனிலிருந்து புறப்பட்ட காவல் கப்பலுக்கு எதிரி யார் என்றும் சொல்ல வேண்டும். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் மத்திய தரைக்கடல் வழி அடைபட்டது. எகிப்துக்கும் இந்தியாவுக்கும் போக வேண்டிய படைகளும் தளவாடங்களும் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி டர்பன் வழியாகவே போயின. 1942 மே மாதம் மடகாஸ்கரின் தியேகோ சுவாரஸ் துறைமுகத்தின் மீது நடந்த படையெடுப்பு டர்பனிலிருந்துதான் கிளம்பியது. அதில் கண்ணிவெடியில் சிக்கிய 'ஆரிகுலா' என்ற கார்வெட் மறுநாள் மூழ்கியது. அதே மாதக் கடைசியில் அதே துறைமுகத்தில் ஜப்பானியரின் குட்டி நீர்மூழ்கி 'ரமில்லீஸ்' என்ற பெரிய போர்க்கப்பலைத் தாக்க, அது பழுதுபார்க்க டர்பனுக்கு வந்தது. அடுத்த இரண்டு மாதங்களில் மொசாம்பிக் கால்வாயில் ஜப்பானிய நீர்மூழ்கிகள் இருபதுக்கும் மேற்பட்ட சரக்குக் கப்பல்களை மூழ்கடித்தன. அக்டோபரில் ஜெர்மானியர் கேப்டவுனுக்கு வந்தார்கள். பிறகு நம் கரைக்கு.

1942 நவம்பர் 28 அன்று துணைக்கு ஒரு காவல் கப்பலும் இல்லாமல் கைதிகளை ஏற்றிவந்த 'நோவா ஸ்கோஷியா' என்ற கப்பல் நடால் கரைக்கு அப்பால் யு-177 என்ற ஜெர்மன் நீர்மூழ்கியின் தாக்குதலில் மூழ்கியது. 858 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் இத்தாலியக் கைதிகள். நாள்கணக்கில் உடல்கள் டர்பன் கடற்கரையில் ஒதுங்கின. டர்பனின் ஹில்லரி பகுதியில் நூற்றுக்கும் மேற்பட்டவரைப் புதைத்தார்கள். அந்த வாரம் வலை வீசப் போன நம் மீனவர்கள் என்ன இழுத்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கவே மனம் கூசுகிறது.

துணைக் கப்பல் இருந்தாலும் காப்பாற்ற முடியும் என்று உறுதியில்லை. 1943 மார்ச் 3 இரவும் மறுநாள் அதிகாலையும், டர்பனிலிருந்து புறப்பட்ட டி.என்.-21 என்ற கான்வாயை, அதாவது காவலோடு கூட்டமாகப் போகும் சரக்குக் கப்பல்களை, யு-160 டர்பனுக்குத் தெற்கே தாக்கியது. காவலுக்கு இருந்தவை 'நைஜெல்லா' என்ற ஒரே கார்வெட்டும், ஆயுதம் பொருத்திய மூன்று மீன்பிடிக் கப்பல்களும். நான்கு கப்பல்கள் மூழ்கின, இரண்டு சேதமடைந்தன. அட்லாண்டிக்கில் கான்வாய்களைக் காக்கவே கப்பல் போதாதபோது நம் கடலுக்கு மிச்சம் மீதிதான் வந்தது. நைஜெல்லாவைக் குறை சொல்ல என்னால் முடியாது.

தென்னாப்பிரிக்கரே இயக்கிய கப்பல்களைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். இவற்றில் பல, மாற்றியமைத்த திமிங்கில வேட்டைக் கப்பல்களே. 'சதர்ன்' என்று பெயர் தொடங்கும் நான்கும் 1941 தொடக்கத்தில் மத்திய தரைக்கடலுக்குப் போயின. 'சதர்ன் ஃப்ளோ' அந்தப் பிப்ரவரியில் லிபியாவின் டோப்ருக் அருகே மூழ்கியபோது உயிரோடு மீண்டவர் ஒருவரே. 1942 ஜூலை 11 அன்று 'சதர்ன் மெய்ட்'டும் 'புரோட்டியா'வும் ஒரு விமானத்தின் துணையோடு பெய்ரூட் அருகே 'ஒண்டினா' என்ற இத்தாலிய நீர்மூழ்கியை மூழ்கடித்தன. போர் முடியும் தறுவாயில் கிடைத்த 'நடால்' என்ற ஃபிரிகேட், அதாவது கார்வெட்டைவிடப் பெரிய காவல் கப்பல், பணியில் சேர்ந்து இரண்டே வாரத்தில், 1945 மார்ச் 14 அன்று ஸ்காட்லாந்துக் கரைக்கு அப்பால் யு-714ஐ மூழ்கடித்தது. அதனிடம் குண்டுகளைப் பின்னால் உருட்டாமல் முன்னால் வீசும் 'ஸ்குவிட்' இருந்தது. எதிரொலி அறுபடுவதற்கு முன்பே குண்டு போய்விடும். நான் மேலே போட்ட ஒரு நிமிடக் கணக்கு அதனோடு முடிந்தது.

இடையில் ஒன்று. இதே போரில் ராயல் இந்தியக் கடற்படையில் இந்திய மாலுமிகள் பீரங்கி இயக்கினார்கள். 1942 நவம்பர் 11 அன்று 'பெங்கால்' என்ற சிறு கப்பல், ஒரு டச்சு எண்ணெய்க் கப்பலின் துணையோடு இரண்டு பெரிய ஜப்பானியக் கப்பல்களை எதிர்த்து நின்று, ஒன்று மூழ்குவதைப் பார்த்தது. அதே படையில் மதராஸ் மாகாணத்து இளைஞர்களும் சேர்ந்துகொண்டிருந்தார்கள். அவர்களின் ஒன்றுவிட்ட தம்பிமார் டர்பனில் துப்பாக்கியைத் தொட அனுமதியின்றி இருந்தார்கள்.

புகைப்படத்துக்குத் திரும்புகிறேன். தாத்தாவின் வலது கையின் மேற்பகுதியில் துணியால் தைத்த சின்னம் ஏதாவது தெரிகிறதா என்று உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். நட்சத்திரமும் அதனுள் எழுத்தும் இருந்தால் அந்த எழுத்து அவருடைய தொழிலைச் சொல்லும். பின்னால் தெரியும் கப்பலில், கப்பலை நடத்தும் உயர்ந்த மேடைக்கு முன்னால் தளம் பள்ளமாக இறங்குகிறதா, நேராகத் தொடர்கிறதா என்று கவனியுங்கள். பள்ளம் இருந்தால் பழைய கார்வெட்டாகவோ வேட்டைக் கப்பலாகவோ இருக்கலாம். பக்கத்தில் நிற்கும் வெள்ளை மாலுமியின் தொப்பி நாடாவில் கப்பலின் பெயர் இல்லையே என்று வருந்த வேண்டாம். போர்க்காலத்தில் இரகசியம் கருதிப் பெயரை எடுத்துவிட்டார்கள். பணிப் பதிவேடுகள் பிரிட்டோரியாவில் பாதுகாப்புத் துறை ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன. விண்ணப்பிக்கும்போது அவருடைய பெயரை நீங்கள் எழுதும் விதத்தில் மட்டும் தேடச் சொல்லாதீர்கள். அக்காலத்து எழுத்தர்கள் நம் பெயர்களைக் காதில் விழுந்தபடி எழுதினார்கள். தந்தை பெயரும் சொந்தப் பெயரும் இடம் மாறியிருக்கும், கோவிந்தசாமி மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கும். பிறந்த ஆண்டையும், தெரிந்தால் அன்று குடியிருந்த முகவரியையும் சேர்த்துக் கொடுங்கள். சின்னம் தெரியும்படி கைப்பகுதியை மட்டும் பெரிதாக்கி அனுப்பினால் நானும் பார்க்கிறேன்.